தாம்பூலம் பெற்றுக் கலைந்தனர்

சேவூர்த் தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். அதை மிதிக்காமல் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு மூட்டை. அதில் மாற்று வேட்டி, கம்பளி, பித்தளைச் செம்பு. ஆரணியில் நான் சேர்த்தது அவ்வளவுதான். பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டு நிமிர்ந்தார்.

“இன்னா கம்பாசிட்டரே, மூட்டையோட கெளம்பிட்ட?”

“ரிடக்‌ஷன்.”

“அப்டின்னா?”

“வேல போச்சு.”

“அத்த அப்டியே சொல்லிட்டுப் போறது.”

“எனக்குச் சொன்னவரு அப்டித்தான் சொன்னாரு.”

அவர் சிரித்துவிட்டு மறுபடியும் இழையைப் பிடித்தார். நான் கண்ணமங்கலம் ரோட்டைப் பார்த்து நடந்தேன். வேலூர் போனால் ஏதாவது கிடைக்கும் என்று எண்ணம்.

அன்று நான் அப்படி நடக்க நேர்ந்த கதையை எழுதச் சொன்னவர்கள், பட்டணத்து அச்சுக்கூடத்தில் கடைசியாக என்னோடு வேலை பார்த்த இளைஞர்கள். பொடி எழுத்தைப் பிடிக்கக் கண் போதவில்லை என்று நான் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். நான் தொழிலுக்கு வந்தபோது தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பக்கத்துக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை வந்தால் அதிகம். இப்போது வரிக்கு ஒன்று வருகிறது. “பெரியவரே, இங்கிலீஷ் வார்த்தை வந்தா மட்டும் கைய நிறுத்திட்டு மொறைக்கிறீங்களே, ஏன்?” என்று கேட்பார்கள். அந்த வார்த்தைகள் மேல் எனக்கு விரோதம் இல்லை. நாலு எழுத்தில் முடியும் தமிழ் வார்த்தை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, அதை விட்டுவிட்டு ஒருவர் கடல் தாண்டிப் போய் ஒன்றைக் கொண்டுவந்தால், எதற்காகப் போனார் என்று பார்ப்பது என் வழக்கம்.

எனக்குப் பிறந்த ஊர் தெள்ளாருக்குப் பக்கம். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டினார். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். பாதிரியார் வைத்திருந்த சின்ன அச்சுக்கூடத்தில் காகிதம் மடிக்கப் போய், எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்துகள் எல்லாம் தெரியும், வார்த்தைகளில் பாதி தெரியும். ஓர் ஊரில் தங்கும் புத்தி எனக்கு இல்லை. சம்பளம் சரியாக வந்தாலும் காரணமில்லாமல் கிளம்பிவிடுவேன்.

தாது வருஷப் பஞ்சத்தின்போது பட்டணத்தில் ஒரு பத்திரிகையில் இருந்தேன். காலையில் வேலைக்குப் போகும் வழியில், கடைகளின் வாசலில் படுத்திருப்பவர்களில் யார் எழுந்திருக்க மாட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே போவோம். உள்ளே போய் எழுத்துப் பெட்டி முன்னால் நின்றால், கையெழுத்துப் பிரதியில் ‘ஸ்கேர்சிட்டி’ என்று இருக்கும். தட்டுப்பாடு என்று அர்த்தம். பஞ்சம் என்று எழுதினால், பஞ்சத்துக்கு என்று சர்க்கார் வைத்திருக்கும் செலவையெல்லாம் செய்தாக வேண்டும், மேலிடம் அந்த வார்த்தையைச் சொல்கிறவரை நாமும் சொல்லக்கூடாது என்று ஃபோர்மன் எனக்கு விளக்கினார். பிறகு மேலிடம் சொன்னது, நாங்களும் மாற்றிக்கொண்டோம். என் அண்ணன் அதற்கு முன்பே, ஸ்கேர்சிட்டியாக இருந்தபோதே, வந்தவாசி ரோட்டில் செத்துப்போனான்.

அப்புறம் வேலூரில் கொஞ்ச காலம். ஒரு தடவை கலெக்டர் துரை முகாம் வந்தார். கிராமத்து ஜனங்கள் கருகிய பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து வரி தள்ளச் சொல்லிக் கூடாரத்தைச் சுற்றி நின்றார்கள். நானும் அங்கே இருந்தேன். மறுநாள் நான் கோத்த வரியில் ‘என்தூசியாஸ்டிக் ரிசப்ஷன்’ என்று இருந்தது. உற்சாகமான வரவேற்பாம். ஜனங்கள் கையில் பிடித்திருந்த பயிர் செய்தியில் பச்சிலைத் தோரணமாகிவிட்டது.

இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் ஆரணிக்கு வந்தேன்.

ஆரணியில் வாரம் ஒரு தடவை வரும் பத்திரிகை ஒன்றை வேணுகோபால் நாயுடு நடத்திவந்தார். எடிட்டர், சொந்தக்காரர், நிருபர் மூன்றும் அவர்தான். கம்பாசிட்டர் நான் ஒருவன். அச்சு யந்திரத்தின் கைப்பிடியை இழுக்க ஓர் ஆள். நாயுடு கெட்டவர் இல்லை. காலையில் நான் உள்ளே நுழைந்ததும் “சாப்ட்டியா?” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். இல்லை என்றால் வீட்டிலிருந்து கூழ் வரும்வரை வேலை சொல்லமாட்டார். இடது கையில் மூக்குப்பொடி டப்பா, வலது கையில் பென்சில். பொடி பட்ட விரலைப் புரூஃப் தாளிலேயே துடைப்பார். அதனால் அவர் திருத்திய தாள் எது என்பது தூரத்திலேயே தெரியும்.

புரூஃப் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதல் தடவை தாளை அவர் பார்க்கமாட்டார். நான் உரக்கப் படிக்க வேண்டும், அவர் கூரை ஓட்டைப் பார்த்தபடி கேட்பார். தமிழ் வாக்கியம் வந்தால் வரிக்கு வரி நிறுத்துவார். “கால்வாயை அடைத்தார்கள்னு போட்டிருக்கே, யாரு அடைச்சது? பேரு தெரியுமா? தெரியாதா? அப்ப எடு.” “மாடு செத்ததுன்னா, யாரு மாடு?” இப்படி. இங்கிலீஷ் வார்த்தை வந்தால் தலையை ஆட்டிவிட்டு மேலே போகச் சொல்வார். ‘பப்ளிக் ஒபீனியன்’ என்று படித்தேன் ஒருநாள். பொதுஜனங்களின் அபிப்பிராயம் என்று அர்த்தம். யாருடைய அபிப்பிராயம் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

“ஐயா, இது யாரு சொன்னது?”

“பப்ளிக்தான்.”

“பப்ளிக்ல யாரு?”

“இன்னாப்பா நீ பேஜார் புடிச்சவனா கீற. படி மேல.”

அந்த அச்சுக்கூடத்தில் ஓர் அலமாரி இருந்தது. அச்சுத் தொழில் தெரியாதவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கம் அச்சாகி முடிந்ததும், கோத்த ஈய எழுத்துகளைக் சோடா கரைத்த காரத் தண்ணீர் விட்டுப் பிரஷால் தேய்த்து மை போகக் கழுவி, ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் அறையில் போடுவோம். அடுத்த வாரத்துக்கு அதே எழுத்துகள் வேண்டும். ஆனால் வாராவாரம் திரும்பித் திரும்பி வரும் வரிகளைப் பிரிக்கமாட்டோம். கழுவி, சுற்றிலும் நூல் போட்டு இறுக்கி, அலமாரித் தட்டில் அப்படியே வைத்துவிடுவோம். வேண்டும்போது எடுத்துப் பக்கத்தில் செருகினால் போதும். எல்லா அச்சுக்கூடத்திலும் இது உண்டு, விலாசம், சந்தா விவரம் இவற்றுக்கு. நாயுடுவின் அலமாரியில் மீட்டிங்குகளே கட்டி வைக்கப்பட்டிருந்தன. ‘பப்ளிக் மீட்டிங் ஒன்று கூடி’ என்று ஒரு கட்டு. ‘ரெசல்யூஷன் யூனானிமஸாகப் பாஸாயிற்று’ என்று ஒரு கட்டு. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்பது அதன் பொருள். அதற்கு அடுத்த கட்டு தமிழ்: ‘சபையோர் சந்தனம் தாம்பூலம் பெற்றுக் கலைந்தனர்.’ நான் வருவதற்கு முன்பே யாரோ கட்டிவைத்துப் போனவை அவை. வாராவாரம் கழுவி வைப்பதுதான் என் வேலை.

இனி சாயக்காரத் தெரு விஷயம்.

ஆரணிப் பட்டுக்குச் சாயம் போடும் தொட்டிகள் எல்லாம் ஒரே தெருவில் இருந்தன. அந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீரில்தான் அரக்குச் சிவப்பு பிடிக்கும் என்பார்கள். தெருவின் தாழ்ந்த முனையில் ஜவுளி வியாபாரிகள் புதிதாக மாடி வீடுகள் கட்டினார்கள். சாயத் தண்ணீர் அவர்கள் வாசல் வழியாக ஓடியது. அந்தச் சமயத்தில் ஊரில் புதிதாகக் கமிட்டி ஒன்று ஏற்பட்டு, மாடி வீட்டுக்காரர் ஒருவரே சேர்மன் ஆனார். நாயுடு ‘சானிடேஷன்’, அதாவது ஊர்ச் சுகாதாரம், என்று தலைப்புப் போட்டு வாராவாரம் எழுதத் தொடங்கினார். சாயத் தொட்டிகளுக்கு அவர் வைத்த பெயர் ‘நியூசென்ஸ்’. ஊருக்குத் தொந்தரவு என்று சட்டத்தில் வரும் வார்த்தை. தொட்டி முன்னால் வந்ததா, மாடி வீடு முன்னால் வந்ததா என்று அவர் ஒருநாளும் எழுதவில்லை. நானும் புரூஃப் படிக்கும்போது கேட்பதை விட்டிருந்தேன்.

தொட்டிகளை ஊருக்கு வெளியே தள்ளுவதைப் பற்றி ஆலோசிக்கப் பள்ளிக்கூடக் கொட்டகையில் பப்ளிக் மீட்டிங் என்று நோட்டீஸ் போட்டார்கள். மீட்டிங் வியாழக்கிழமை சாயந்திரம். வெள்ளிக்கிழமை காலைத் தபால் வண்டிக்குப் பத்திரிகை போக வேண்டும். அதனால் புதன்கிழமையே நாயுடு மீட்டிங் விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். வந்த பிரமுகர்கள் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. மற்றதெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்துச் செருகச் சொன்னார். செருகினேன். புதிதாக நான் கோத்தது அந்த விவரத்தில் மிகக் கொஞ்சம்.

வியாழக்கிழமை அவரோடு மைக்கூடு தூக்கிக்கொண்டு போய், பெயர்களைக் கேட்டுச் சொல்ல முன்வரிசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். தெரு சார்பில் சாயக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஏகாம்பரம் மூத்தவன். நான் அவன் வீட்டுப் பக்கத்தில்தான் குடியிருந்தேன். பேசத் தெரிந்தவன் என்று அவனை முன்னால் விட்டு மற்ற மூவரும் பின்னால் நின்றார்கள்.

சேர்மன் தீர்மானத்தை இங்கிலீஷில் படித்தார். நிறைய நேரம் படித்தார். பிறகு தமிழில், “ஊர் நன்மைக்காகத் தொட்டிகளை வெளியில மாத்தறதுன்னு தீர்மானம். ஆட்சேபணை உண்டா?” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. சாயக்காரர்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வியாபாரிகள் கை தட்டினார்கள். பிறகு தாம்பூலத் தட்டு வந்தது. ஏகாம்பரத்தின் முன்னால் வந்தபோது அவன் கட்டிய கையை அவிழ்க்காமல் ஓர் அடி பின்னால் வைத்தான். மற்ற மூவரும் அப்படியே செய்தார்கள். தட்டு அடுத்த வரிசைக்குப் போயிற்று. வெளியே வரும்போது ஏகாம்பரத்தின் முகம் சந்தோஷமாக இருந்தது.

“பாத்தியா மாசிலாமணி? மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டோம்.”

“எப்ப சொன்ன?”

“வெத்தல எடுத்தமா நாங்க?”

அந்தத் தெருவின் வழக்கம் எனக்குத் தெரியும். கல்யாணமானாலும் கூலி விஷயமானாலும் அவர்கள் வாயால் சம்மதம் சொல்வதில்லை. பேச்சு முடிந்ததும் தட்டு வரும். வெற்றிலையை எடுத்தால் வாக்குக் கொடுத்தாயிற்று, எடுக்காவிட்டால் இல்லை. பெரிய மனிதர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்வது மரியாதை இல்லை என்பதால்தான் தட்டு. ஆட்சேபணை உண்டா என்று சேர்மன் கேட்டபோது, தட்டு வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். சேர்மனுக்கோ தட்டு வரும் முன்பே காரியம் முடிந்துவிட்டது.

அச்சுக்கூடத்துக்குத் திரும்பிப் பெயர்களைச் செருகிப் பக்கத்தை இறுக்கியதும் நாயுடுவிடம் சொன்னேன். “ஐயா, அந்த நாலு பேரு தாம்பூலம் எடுக்கல.”

“பசி இல்ல போல.”

“அவங்க வழக்கத்துல அது மாட்டேன்னு சொல்றது.”

அவர் பொடி போட்டுக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். “ஆட்சேபணை உண்டான்னு கேட்டாரா இல்லியா? எவனாவது வாயத் தொறந்தானா? அப்ப யூனானிமஸ்தான். மீட்டிங்குனா அதுக்கு ஒரு ப்ரொசீஜர் கீது, மாசிலாமணி. தாம்பூலம் மீட்டிங்கு முடிஞ்சப்புறம் வர்றது. அது ரிஃப்ரெஷ்மெண்டு.”

“அப்ப ரெசல்யூஷன் வரி இருக்கட்டும். தாம்பூலம் வரிய மட்டும் எடுத்துடறேன். அந்த வரி தமிழ்ல கீது. தெருவுல படிச்சா அவங்களுக்குப் புரியும்.”

“பக்கத்த இறுக்கியாச்சு. அத்த எடுத்தா அந்த எடத்துக்கு இன்னா வெக்கிறது? வண்டி வந்துடும். ஜல்தியா இழுக்கச் சொல்லு.”

இழுத்தார்கள்.

சனிக்கிழமை சாயக்காரத் தெருவில் பத்திரிகையைப் படித்தது, பெரியதனக்காரர். தெருவின் தலைவர் அவர். எழுத்துக்கூட்டி நிதானமாகப் படிப்பார். ரெசல்யூஷனும் யூனானிமஸும் யாரையும் ஒன்றும் செய்யாமல் காதைத் தாண்டிப் போயின. ‘சபையோர் சந்தனம் தாம்பூலம் பெற்றுக் கலைந்தனர்’ என்ற வரி வந்ததும் படிப்பதை நிறுத்தினாராம். மறுபடியும் ஒரு முறை படித்தாராம்.

சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. போன நாலு பேரும் வெற்றிலை எடுத்துவிட்டார்கள், ஏகாம்பரம்தான் முதலில் கை நீட்டினான், அவனுக்கு வெளியில் நல்ல இடமாகப் பேசி முடித்துவிட்டார்கள் என்று. போன நாலு பேரும் எடுக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவது? அச்சில் வந்திருக்கிறதே. தெருவில் பட்டுக் காய்ச்சப் பொதுக் கொப்பரை ஒன்றுதான். முறை வைத்து எடுப்பார்கள். ஏகாம்பரத்தின் முறை வந்தபோது கொப்பரையில் தண்ணீர் ஊற்ற ஒருவரும் வரவில்லை. கொப்பரை இல்லாவிட்டால் சாயக்காரனுக்குத் தொழில் இல்லை. அவன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி தனக்கோட்டி என் வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் முழங்கை வரை சிவப்பு. அது எந்த நாளும் போகாது.

“தம்பி, நீதான அங்க நின்னுகினு இருந்த? இவரு எடுத்தாரா?”

“எடுக்கல.”

“எடுக்கலன்னு நீ கண்ணால பாத்த. பாத்துட்டு எடுத்தாருன்னு அச்சுல போட்ட.”

“பாத்ததுக்கு அப்புறம் போடல. அது முன்னாலயே கட்டி வெச்ச வரி.”

“முன்னால எப்பிடி? மீட்டிங்கே நடக்கல.”

அலமாரி விஷயத்தை அவளுக்குச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. “அத்த வந்து தெருவுல சொல்லு,” என்றாள். “எனக்குச் சொல்லி இன்னா ஆவப்போவுது?”

ஞாயிற்றுக்கிழமை நாயுடு வீட்டில் இருந்த நேரம், அந்தத் தாம்பூலக் கட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். கிணற்றடியில் தெரு கூடியிருந்தது. ஏகாம்பரம் ஓரமாகக் குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒருவன், “வந்துட்டாரு பாரு, வெத்தல மடிச்சுக் குடுத்தவரு,” என்றான். சிலர் சிரித்தார்கள்.

ஈயக் கட்டை ஒரு கல் மேல் வைத்தேன். கையோடு கொண்டுபோன மையைத் தடவிக் காகிதத்தை மேலே வைத்துக் கையால் அழுத்தி எடுத்துப் பெரியதனக்காரரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். பத்திரிகையில் வந்த அதே வரி.

“இது மீட்டிங்குக்கு அப்புறம் கோத்தது இல்லீங்க. ரொம்ப நாளா கட்டிக் கெடக்குது. எந்த மீட்டிங்கு நடந்தாலும் இத்த எடுத்துச் செருகுவோம். யாரு எடுத்தாங்க எடுக்கலன்னு இதுக்குத் தெரியாது.”

“நீ நேத்து கட்டி எடுத்தாந்து, ரொம்ப நாள்னு சொன்னா?” என்றார் பெரியதனக்காரர். அவர் கேட்டது நியாயம்தான். ஈயத்தைப் பார்த்து வயது சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. 

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து தனக்கோட்டி வந்தாள். கூட்டத்தில் பேச அனுமதி கேட்காமல் நேராகக் கல்லருகே குனிந்து, கட்டைச் சுற்றியிருந்த நூலின் முடிச்சை நகத்தால் தடவினாள். பட்டின் பசை போகக் காரத்தில் காய்ச்சுவது அந்தத் தெருவில் பெண்கள் வேலை. காரம் அதிகமானால் நூல் கெட்டுவிடும், அதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையை இரண்டு விரலில் வைத்து உருட்டினாள். அது மாவாக உதிர்ந்தது.

“இத்த காரத்துல கழுவுவீங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

“வாராவாரம்.”

“இங்க வந்து பாருங்க. ஒரு தபா ரெண்டு தபா காரத்துல போட்டா நூலு வெளுக்கும். இது செத்துப்போன நூலு. முடிச்சுக்கு உள்ள மட்டும் உசுரு கீது. நேத்து கட்டினதா இருந்தா உள்ளயும் வெளியயும் ஒண்ணா இருக்கணும்.” கட்டை அப்படியே பெரியதனக்காரரை நோக்கித் தள்ளினாள். “உங்க வீட்டுக்காரம்மாவக் கூப்டுங்க. நான் சொல்றதுல நம்பிக்கை இல்லன்னா அவங்க பாக்கட்டும்.”

பெரியதனக்காரரின் மனைவி வந்து உருட்டிப் பார்த்தாள். வேறு இரண்டு மூன்று பெண்களும் பார்த்தார்கள். அதற்குள் முனை முழுக்கத் தீர்ந்துவிட்டது. “பழசுதான்,” என்றாள் பெரியதனக்காரரின் மனைவி. “ஒரு வருசத்து நூலு.”  பெரியதனக்காரர் ஏகாம்பரத்தைப் பார்த்து, “எய்ந்து வா, இப்டி வந்து குந்து,” என்றார். யாரோ தட்டைக் கொண்டுவந்தார்கள். பெரியதனக்காரர் எடுத்தார், ஏகாம்பரம் எடுத்தான். அவன் முறை அவனுக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கும் நீட்டினார்கள். எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ஏகாம்பரம் கேட்டான். “நாங்க எடுக்கலன்னு ஆயிடுச்சு. அப்ப தொட்டி இங்கியே இருக்கும் இல்ல?”

அந்த இன்னொரு வரியை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. யூனானிமஸ் என்றால் எல்லாருக்கும் சம்மதம் என்று பொருள், அது வெள்ளிக்கிழமையே தபாலில் போய்விட்டது, மேலே இருப்பவர்கள் பார்ப்பது அந்த வார்த்தையை மட்டும்தான் என்றேன். 

“அத்த மாத்த இன்னா பண்ணணும்?” என்றார் பெரியதனக்காரர்.

“இங்கிலீஷ்ல மெமோரியல் எழுதிப் போடணும். மனு.”

“இந்த ஊருல அத்த யாரு எழுதுவாங்க?”

“நாயுடுதான்.”

முதலில் சிரித்தது தனக்கோட்டி. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், ஏகாம்பரம் தவிர.

திங்கட்கிழமை காலை நாயுடு என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். பொடி டப்பாவைத் திறந்து, போடாமலே மூடினார்.

“ஆபீஸ் சாமானத் தெருவுல எடுத்தும்போயி வெச்சியாமே.”

“திருப்பிக் கொண்டாந்து வெச்சிட்டேன் ஐயா.”

“உன்ன நான் டிஸ்மிஸ் பண்ணல. எஸ்டாபிளிஷ்மெண்டுல ரிடக்‌ஷன்.”

“அப்ப நாளைக்கு வரலாங்களா?”

“வரக் கூடாது.”

ஆட்குறைப்பு என்று அர்த்தம். அந்த வார்த்தையை எனக்காகவா தனக்காகவா எடுத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கூரை ஓட்டைப் பார்த்துத்தான் சொன்னார், புரூஃப் கேட்கும்போது பார்ப்பது போல. நான் மூட்டையைக் கட்டினேன்.

சேவூர் தாண்டிக் கண்ணமங்கலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஏகாம்பரம். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“எங்க போற?”

“வேலூருக்கு.”

“அங்க வேல கீதா?”

“பாக்கணும்.”

அவன் என் மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். “தெருவுல பேசிட்டோம். கமிட்டிக்காரன் வந்து தொட்டிய ஒடைக்கிற வரைக்கும் குந்தியிருக்க முடியாது. ஆத்தங்கரையில எடம் பாத்திருக்கோம். தண்ணிதான் எப்டின்னு தெரியல. மணல்ல ஊத்து தோண்டிப் பாக்கணும். எங்க ஆளுங்க எல்லாம் இருக்கிற சாயத்த முடிச்சுக் குடுக்கணும், கை ஒழியாது. நீ தோண்டுறியா?”

“நான் கம்பாசிட்டர்பா. மம்முட்டி புடிச்சு வருசம் ஆச்சு.”

“மணலுக்குப் படிப்பா வேணும்?”

ராத்திரி அவன் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தேன். காலையில் அவர்களோடு ஆற்றுக்குப் போய் மண்வெட்டியைப் பிடித்தேன். எழுத்துப் பெட்டியிடம் மறுபடியும் நான் திரும்பியது அதற்கு வெகுநாள் கழித்து, வேறு ஊரில். அன்று என் வேலை ஊற்று தோண்டுவது. இடுப்பளவு இறங்கியதும் மணல் ஈரமானது, இன்னும் கொஞ்சம் இறங்கியதும் காலடியில் நீர் கசிந்தது. கலங்கல் அடங்கட்டும் என்று கரையில் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தண்ணீரில் சிவப்பு பிடிக்காவிட்டால் அந்தத் தெருவுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் உப்பாக இருந்தால் அது பிடிக்காது.

தனக்கோட்டி குழிக்குள் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் ஊற்றி, உள்ளே வைத்திருந்து துப்பினாள். மறுபடியும் அள்ளிக் குடித்தாள்.

“உப்பு கொஞ்சம் கீது,” என்றாள். “மேல் தண்ணி அப்டித்தான் இருக்கும். தம்பி, இன்னும் ஒரு ஆள் ஆழம் தோண்டு.”

தோண்டினேன்.